மலைத் தலையிடி

2016 டிசம்பர் 7, புதன்

என் கூடப்பிறந்த நானா இன்று பகல் போன் எடுத்தார். அவருடைய மகள் றிஸ்லாவின் கலியாணம் பதினெட்டாம் திகதி, நுவரெலியாவில், பெரிய ஹோட்டலில். மாப்பிள்ளை வீட்டார் கண்டியில் மாணிக்கக் கல் வியாபாரிகளாம். எல்லாப் பெருமையையும் சொல்லி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, மச்சானப் பத்தி அவங்கள்ட கடல் பிஸ்னஸ் எண்டு சொல்லி வெச்சிரிக்கிறன். ஆரும் கேட்டா நீயும் அப்படியே சொல்லு. அட்டைக்கு முக்குளிக்கிற ஆள் எண்டு விளக்கப் போகாத.”

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, ஒரே வள்ளத்தில் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு இந்தக் கற்பிட்டியில் வந்து இறங்கியவர்கள்தான் நானாவும் நானும். அவர் மரக்கறி லொறியில் உதவிக்குப் போய் மலையிலேயே தங்கி முதலாளி ஆகிவிட்டார். நான் இங்கேயே ஒரு சுழியோடியைக் கட்டிக்கொண்டேன். பாறூக் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு எண்பது, தொண்ணூறு அடிக்குக் கீழே போய்க் கடலட்டை பொறுக்குகிறார். அதைச் சீனாக்காரன் சாப்பிடுகிறானாம். சாப்பிடுகிறவனுக்கு வெட்கமில்லை, வாங்கி விற்கிறவனுக்கும் வெட்கமில்லை. பொறுக்குகிறவரைச் சொல்வதற்குத்தான் எங்கள் குடும்பத்துக்கு வெட்கம்.

ஆனாலும் றிஸ்லா கலியாணம். எனக்குப் பிள்ளை இல்லை. அவள் பிறந்தபோது நாற்பது நாளும் குளிப்பாட்டியவள் நான். போகாமல் இருக்க முடியாது.

டிசம்பர் 11, ஞாயிறு

நானா அனுப்பிய கோட்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அவருடைய பழைய கோட்டுத்தான். பாறூக் அதைப் போட்டுக்கொண்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்.

“மௌத்தாகிப் போன மனிசண்ட கோட்டு மாதிரி இரிக்கி.”

பிறகு, நான் எதிர்பார்த்ததைச் சொன்னார். “எனக்கு அங்க வந்தாத் தலையிடிக்கும் புள்ள.”

என் பக்கத்தில் எந்த விசேஷம் வந்தாலும் இந்த மனிதருக்குத் தலையிடி வந்துவிடும். நானா வீடு குடிபுகுந்த அன்று தலையிடி. போன ஹஜ்ஜுப் பெருநாளில் தலையிடி. இரண்டு பனடோல் மாத்திரையும் ஒரு போர்வையும் கொடுத்தால் போதும், எல்லாம் முடியும்வரை முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். திரும்பி வரும்போது பாலாவிச் சந்தி தாண்டியதும் தலையிடி போய்ப் பசி வந்துவிடும். பதினாறு வருஷமாக நான் பார்க்காததா?

டிசம்பர் 14, புதன்

இந்த முறை தலையிடி என்று ஒரு வார்த்தை வாயில் வந்தால் ஹோட்டல் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன் என்று சொல்லிவிட்டேன். சிரித்தார்.

டிசம்பர் 18, ஞாயிறு, காலை — நுவரெலியா

விரல் விறைக்கிறது. பேனையைப் பிடிக்க முடியவில்லை. நானா வீட்டில் எல்லோரும் குளிப்பதும் உடுப்பதுமாக ஓடுகிறார்கள். பாறூக் இரண்டு போர்வைக்குள் கிடக்கிறார். வேறென்ன, தலையிடி.

நேற்று காலை சுபஹுத் தொழுதுவிட்டு வந்ததிலிருந்து வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டுவதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். அவரோடு முக்குளிக்கும் இப்றாஹிம் வந்து கூப்பிட்டார். “கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கு மச்சான். ஒரு பாட்டம் இறங்கிட்டு வருவமா?”

இவர் என்னைப் பார்த்தார்.

“வான் வண்டி வாறது பதினொரு மணிக்குத்தானே. போயிட்டு வாங்க,” என்றேன். வீட்டில் இருந்தால் அந்த முகம் இன்னும் நீளும் என்று நினைத்துத்தான் அனுப்பினேன். நாலு சிலிண்டர் முடித்துவிட்டுப் பத்தரைக்கு வந்தார். தலை ஈரம் காயாமல் வானில் ஏறினார். அப்போது நல்ல சந்தோசமாகத்தான் இருந்தார்.

கண்டி தாண்டும்வரை ஒன்றுமில்லை. றம்பொடை வளைவுகளில் ஏறும்போது நெற்றியை வான் கண்ணாடியில் அழுத்திக்கொண்டார். “தலை வெடிக்கப் பாக்குது புள்ள.”

“தொடங்கிட்டீங்களா?” என்றேன்.

அதற்குப் பிறகு முழங்கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். வந்து இறங்கி ஒரு வாய் சாப்பிடவில்லை. மதினி ஹவ்வா கோழியும் இடியப்பமும் செய்து வைத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

டிசம்பர் 19, திங்கள், காலை

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. றிஸ்லா சிவப்புச் சேலையில் அவ்வளவு அழகு.

பாறூக்கைப் பற்றியும் எழுத வேண்டும். கோட்டைப் போட்டுக்கொண்டு மண்டபத்தில் கடைசி வரிசைக் கதிரையில் இருந்தார். தோள் கழன்று போகிற மாதிரி வலிக்கிறது என்றார். கால் விறைக்கிறது என்றார். இந்தக் குளிரில் யாருக்குத்தான் விறைக்கவில்லை? பிறகு முகம் சாம்பல் நிறமாகப் போனதைப் பார்த்து நானாவே பயந்து, பக்கத்து அறையில் படுக்கவைத்து, மாப்பிள்ளையின் மாமா ஒருவர் டொக்டர், அவரைக் கூட்டிவந்தார்.

நல்ல மனிதர். சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தவர். கை நாடி பார்த்தார், கண் பார்த்தார், எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். கற்பிட்டி என்றதும் சிரித்தார்.

“கடல் மட்டத்தில இருந்து ஒரே நாள்ல ஆறாயிரம் அடி ஏறினா உடம்பு சும்மா விடுமா? இங்க காத்து மெலிசு. ஒட்சிசன் காணாதெண்டு உடம்பு மூச்சக் கூட்டும். இரத்தத்தில இரிக்கிற தண்ணியக் குறைச்சு இரத்தத்தத் தடிப்பாக்கும். ஒட்சிசன் குறைவால சில பேருக்குத் தலையிடி வரும். ரெண்டு நாள்ல பழகிரும். நல்லாத் தண்ணி குடிங்க, ஓய்வா இருங்க.”

எழும்பப் போனவர், ஏதோ யோசித்து நின்றார். “என்ன தொழில் செய்றார்?”

“கடல் பிஸ்னஸ் டொக்டர். ஏற்றுமதி,” என்றார் நானா.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன். பாறூக் கண்ணை மூடிக் கிடந்தார். பிரயாணக் களைப்பும் சேர்ந்திருக்கும் என்று சொல்லிவிட்டு டொக்டர் போனார்.

நானா நிம்மதியாக மூச்சு விட்டார். எனக்கும் நிம்மதி. இந்த முறை தலையிடி பொய்யில்லை என்று டொக்டரே சொல்லிவிட்டார். வானில் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்தேன். இரண்டு போத்தல் தண்ணீர் குடிக்கவைத்தேன்.

டிசம்பர் 19, பின்னேரம்

இன்று வலீமா விருந்து. இவர் எழும்பவில்லை. கால் தன்னுடையது மாதிரி இல்லை என்கிறார். மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கீழ கொண்டு போங்க. என்னக் கடல்ல இறக்குங்க. இது மலை வருத்தமில்ல, எனக்குத் தெரியும்,” என்றார். வாசலில் நின்ற மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். “மச்சானுக்குக் கடலப் பாக்காம இரிக்க ஏலாது போல.” நானும் சேர்ந்து சிரித்தேன். அவர்களுக்கு முன்னால் வேறு என்ன செய்வது?

சுழியோடிகளுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. மேலே வந்த பிறகு மூட்டில் வலி பிடித்தால், இன்னொரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு திரும்பக் கீழே போய் அரை மணித்தியாலம் இருப்பார்கள். விட்டுவிடும். எத்தனையோ தரம் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் அது கடலில். இங்கே எங்கே கடல்? இரண்டு நாள் கழித்தா அப்படி வரும்?

நானாவிடம் சொன்னேன். “இந்த விருந்து முடியட்டும் தங்கச்சி. விடியத் தனி வான் தாறன்.”

டிசம்பர் 20, செவ்வாய்

சலம் போகவில்லை, ஒரு சொட்டுக்கூட மூத்திரமில்லை. இரண்டு காலும் இல்லை என்கிறார். இல்லையாம். அல்லாஹ்வே.

டிசம்பர் 20 — ஆஸ்பத்திரி வாங்கில்

இளம் பெண் டொக்டர். கால் பாதத்தில் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். இவர் அசையவே இல்லை. தொழில் என்ன என்று கேட்டார். நானா வாயைத் திறந்தார்.

“முக்குளிக்கிறவர்,” என்றேன். “வாற அண்டைக்குக் காலையில நாலு சிலிண்டர் இறங்கினவர்.”

அவர் பேனையைக் கீழே வைத்தார். “சனிக்கிழமையா? மூன்று நாளா? ஏன் ஒருவரும் சொல்லவில்லை?”

நானா தரையைப் பார்த்தார். நான் நானாவைப் பார்த்தேன். ஒட்சிசன் முகமூடி போட்டு இப்போதே இறக்கப் போகிறார்களாம். திருகோணமலையில் கடற்படையிடம் ஓர் அழுத்த அறை இருக்கிறதாம், அங்கே.

டிசம்பர் 26, திங்கள்

தினமும் அவரை ஓர் இரும்புக் குழாய்க்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். உள்ளே காற்றை அழுத்திக் கடலுக்குக் கீழே இருப்பது மாதிரி ஆக்குகிறார்களாம். ஆக, கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். “என்னக் கடல்ல இறக்குங்க” என்று கேட்டாரே, நாங்கள் பல்லைக் காட்டினோமே.

இங்குள்ள டொக்டர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். ஆழத்தில் சுவாசிக்கும் காற்று இரத்தத்தில் கரைந்துவிடும். மேலே வந்த பிறகும் அது முழுவதும் வெளியேற ஒரு நாளாவது எடுக்கும். அதற்குள் மலை ஏறினால், அங்கே அழுத்தம் குறைவு, சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி இரத்தத்தில் குமிழிகள் கிளம்பும். அவை முள்ளந்தண்டில் போய் அடைத்துவிட்டன.

“ஆனால் அந்த டொக்டர் மலைக்குப் போனால் தலையிடிக்கும் என்றாரே?” என்று கேட்டேன்.

“அதுவும் உண்மைதான். தலையிடி இரண்டிலும் வரும். ஒன்றுக்குத் தண்ணீரும் ஓய்வும் போதும், மற்றதில் ஆளை உடனே கீழே இறக்க வேண்டும். எது எது என்று தெரிந்துகொள்ள, ஆள் என்ன செய்துவிட்டு மலை ஏறினார் என்று கேட்க வேண்டும்.”

கேட்டார். அந்த டொக்டர் கேட்டார்.

இனி நடப்பாரா என்று கேட்டேன். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் பெரும்பாலும் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பார், இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார். டொக்டருக்கு நான் தலையாட்டிய கதை தெரியாது. தெரிந்தால் இவ்வளவு மரியாதையாகக் கதைப்பாரா?

2017 ஜனவரி 8, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். சக்கரக் கதிரையில். வாசல் மணலில் சில்லு புதைந்து, இப்றாஹிமும் இன்னும் மூன்று பேரும் கதிரையோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். மையத்துப் பெட்டி தூக்குகிற மாதிரி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நானா போனில் சொல்கிறார்: “அல்லாஹ்ட நாட்டம் தங்கச்சி. நாம என்ன செய்ய?” நாம் செய்ததை அல்லாஹ்வின் தலையில் போடுவது எவ்வளவு லேசு. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதில்தான் நான் தேறியவளாயிற்றே.

ஜனவரி 29, ஞாயிறு

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான். அங்க டொக்டர் இல்லையா? ஏன் மூணு நாள் வெச்சிரிந்தீங்க? கண்ணூறு என்கிறார்கள், செய்வினை என்கிறார்கள். நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுகிறேன்.

பாறூக் மட்டும் கேட்கவே இல்லை. ஒரு தரமாவது கேட்டுத் தொலைத்தால் என்ன?

பெப்ரவரி 13, திங்கள்

வலது கால் பெருவிரல் அசைந்தது. அவர் சிரித்தார். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 25, சனி

இப்போது வேலியைப் பிடித்துக்கொண்டு பத்து அடி போகிறார். இடது கால் இழுபடுகிறது. அது இனி அப்படித்தான் என்கிறார்கள். ஆழத்துக்கு இனி இறங்கவே கூடாதாம்.

மத்தியானம் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். இன்றைக்குச் சொல்வது என்று நினைத்துக்கூட இருக்கவில்லை. “அண்டைக்கு அந்த டொக்டர் தொழிலக் கேக்கக்குள்ள நானா பொய் சொன்னார். நான் தலையாட்டினேன். வாயத் திறந்திரிந்தா நீங்க இப்ப நடப்பீங்க.”

“தெரியும்,” என்றார்.

“எப்படி?”

“கண்ணத்தானே புள்ள மூடிக் கிடந்தன். காது மூடல்லயே.”

எண்ணெய்க் கையை எடுத்துக்கொண்டேன். “அப்ப நீங்க ஏன் சொல்லல்ல?”

சுவர்ப் பக்கம் திரும்பினார். “கோட்டப் போட்டுக்கிட்டு எப்படிப் புள்ள அட்டக்காரன் எண்டு செல்லுற?” பிறகு, “இத ஒருத்தருக்கும் செல்லிப்போடாத. வெக்கம்.”

எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. மூன்று மாதமாக நான் சோறு இறங்காமல், உறக்கம் பிடிக்காமல், முழுப் பழியையும் என் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இந்த மனிதர் அதில் பாதியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, நான் கால் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். பெரிய ரோசக்காரர். நான் மட்டும் என்ன?

ஜூலை 2, ஞாயிறு

சக்கரக் கதிரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கைத்தடி போதும். இரண்டு பேரும் அந்தக் கதையை எடுப்பதில்லை.

ஒக்டோபர் 29, ஞாயிறு

அட்டைக் காலம் தொடங்கிவிட்டது. கடற்கரை வாடிக் கொட்டிலில் சிலிண்டருக்குக் காற்று அடிக்கும் மெசினைப் பார்த்துக்கொள்ள இவரை வைத்திருக்கிறார்கள். தடியை ஊன்றிக்கொண்டு போகிறார்.

இன்று பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு போனேன். கிடுகு மறைப்புக்கு இந்தப் பக்கம் வரும்போதே குரல் கேட்டது. ஏழெட்டுச் சுழியோடிகளுக்கு நடுவில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தார். முக்குளித்துவிட்டு ஒரு நாள் முழுதும் பொறுக்காமல் மலைக்குப் போகாதீர்கள் என்று. அதுவரை சரி.

“டொக்டர் கேட்டாரு, என்ன தொழில் எண்டு. என்ட மச்சான் பிஸ்னஸ் எண்டாரு. என்ட பொண்டாட்டியும் ஓம் எண்டு தலையாட்டிட்டா. நான் நெனவில்லாமக் கிடந்தன், எனக்கு என்ன தெரியும்?”

நினைவில்லாமல்.

பிளாஸ்கை மணலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 1, புதன்

மூன்று நாள் கதைக்கவில்லை. இன்று கேட்டேன். “நெனவில்லாமலா கிடந்தீங்க?”

“சுழியோடியே வாயப் பொத்திக்கிட்டுக் கிடந்தான் எண்டு சொன்னாச் சிரிச்சிட்டுப் போயிருவானுகள் புள்ள. பொம்பள மறைச்சா எண்டாத்தான் காது குடுத்துக் கேப்பானுகள்.”

“ஆருக்கும் சொல்லாத எண்டு சொன்னது நீங்கதான்.”

“என்ட பங்கத்தான் செல்லாத எண்டன்.”

மனிதரா இவர்? காலைத் தேய்த்துவிட்ட என் கையை என்ன செய்வது?

நவம்பர் 12, ஞாயிறு

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் படிப்பிக்கும் பாலர் பாடசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் தாய்மார் என்னோடு கதைத்துவிட்டு, படலையைத் தாண்டியதும் திரும்பிப் பார்க்கிறார்கள். நானாவும் போனில் சத்தம் போட்டார். பாறூக் தன்னைப் பற்றி ஊரெல்லாம் கதைக்கிறாராம், மருமகன் வீட்டுக்குத் தெரிந்தால் என்னவாகுமாம். அவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டேன். அதில் மட்டும் ஒரு சின்னச் சந்தோசம்.

டிசம்பர் 10, ஞாயிறு

காலையில் இப்றாஹிமின் மனைவி ஸுலைஹா மூச்சு வாங்க வந்தாள். லீவுக்குப் பிள்ளைகளோடு இன்று நுவரெலியா போகிற ஏற்பாடு. வான் வாசலுக்கு வந்துவிட்டதாம், பிள்ளைகள் தொப்பியும் போட்டு ஏறிவிட்டார்களாம். இப்றாஹிம் நேற்று மாலை வரை கடலில். இப்போது போக மாட்டேன், ஒரு நாள் பொறு என்கிறாராம்.

“எங்கட ஆள் சும்மா சாட்டுச் செல்றாரா லாத்தா, இல்லாட்டி மெய்தானா? புள்ளையள் அழுது குளறுதுகள்.”

“மெய்தான். வானத் திருப்பி அனுப்புங்க. செவ்வாக்கிழமை போங்க.”

அவள் போகவில்லை. கேட்க வந்தது அது மட்டுமில்லை என்று முகத்தில் தெரிந்தது. “நீங்க டொக்டர்ட மறைச்சது… அதுவும் மெய்தானா?”

பாறூக் முன் அறையில் கதிரையில் இருந்தார். அவருக்குக் கேட்கும். அவருக்குத்தான் எல்லாம் கேட்குமே.

“ஓம்,” என்றேன்.

“மச்சான் அப்ப நெனவில்லாமலா கிடந்தாரு?”

ஒன்றரை மாதமாக என் தொண்டையில் நிற்கிற பதில். அவள் முகத்தைப் பார்த்தேன். பாதி நம்பி, பாதி நம்பாமல் நின்றாள். இல்லை, அவரும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார் என்று சொன்னால் என்ன ஆகும்? பாறூக்கின் கதையெல்லாம் கட்டுக்கதை என்று சிரித்துவிட்டு, புருஷனை இழுத்து வானில் ஏற்றிவிடுவாள்.

“நெனவில்லாமத்தான் கிடந்தாரு,” என்றேன். “நான்தான் வாயத் திறக்கல்ல.”

சரி லாத்தா என்று போனாள். கொஞ்ச நேரத்தில் வான் வெறுமையாகத் திரும்பிப் போவதைப் பார்த்தேன். பின்னால் பிள்ளைகள் அழுகிற சத்தமும் கேட்டது.

நான் உள்ளே வந்தபோது பாறூக் கதிரையில் இல்லை. தடியை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போயிருந்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த மனிதர் அடுப்படிக்கு வந்ததில்லை. இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, ஒன்றை என் பக்கம் தள்ளி வைத்தார். முகத்தை நிமிர்த்தவில்லை.

சீனி போட மறந்துவிட்டார். நான் சொல்லவில்லை, குடித்தேன்.